வெயிலு, முள்ளு, பங்காளிச் சண்டை... ஆனாலும் ஏன் சர்வேயர் ஆகிறார்கள்? என்ன படிக்கணும், என்ன வேலை?

அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு சுவரை அரை அடி தள்ளிக் கட்டினாலும் சரி, புதிதாக ஒரு மனை வாங்கினாலும் சரி, பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "சர்வேயரைக் கூப்பிட்டு அளந்துடலாம்."

இப்படி ஊருக்கே தேவைப்படும் அந்த ஆள், பிளஸ் டூ முடித்த வீடுகளில் நடக்கும் "அடுத்து என்ன படிக்கலாம்?" பேச்சில் மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. இன்ஜினீயரிங், நர்ஸிங், ஐ.டி. என்று போகும் பட்டியலில் நில அளவைக்கு இடமே இருக்காது. ஆனாலும் ஆண்டுதோறும் இளைஞர்கள் இந்த வேலைக்குள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஏன்? அவர்கள் செய்வது என்ன? ட்ரோன் வந்த பிறகும் இந்த வேலை நிற்குமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சர்வேயர் உண்மையில் என்ன செய்கிறார்?

முதலில் ஒரு தவறான புரிதலைச் சரிசெய்துவிடுவோம். "இந்த நிலம் யாருடையது?" என்பதைச் சர்வேயர் தீர்மானிப்பதில்லை. அதைப் பத்திரமும் பட்டாவும் சொல்லும். தகராறு என்றால் சிவில் நீதிமன்றம் சொல்லும். "ஆவணத்தில் இருக்கும் கோடு, மண்ணில் எங்கே விழுகிறது?" என்று காட்டுவதுதான் சர்வேயரின் வேலை.

அதற்கு அவர் கையில் இருக்கும் முக்கிய ஆயுதம் எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் இப்படி ஒரு வரைபடம் உண்டு. நிலத்தின் எல்லைக்கோடுதான் எஃப் லைன். நிலத்தை முக்கோணங்களாகப் பிரிக்க குறுக்கே ஓடும் கோடு ஜி லைன். வளைந்து நெளிந்து போகும் வரப்பைக் கூட, நேர்க்கோட்டிலிருந்து பக்கவாட்டுத் தூரங்களாக எடுத்து அந்தத் தாளில் அடக்கியிருப்பார்கள்.

கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு ஜி லைன் 50 மீட்டர், அதிலிருந்து மூலைக்கல்லுக்குச் செங்குத்துத் தூரம் 12 மீட்டர் என்றால், அந்த முக்கோணத்தின் பரப்பு 300 சதுர மீட்டர். நம்ம பேச்சில் சொன்னால் 3 ஏர்ஸ், சுமார் 7.41 சென்ட். இப்படி ஒவ்வொரு முக்கோணத்தையும் கூட்டினால் மொத்தப் பரப்பு வந்துவிடும்.

கஷ்டம் கணக்கில் இல்லை, களத்தில் இருக்கிறது. வரைபடத்தில் இருக்கும் கல் களத்தில் இருக்காது. யாரோ பிடுங்கியிருப்பார்கள், ரோடு போடும்போது புதைந்திருக்கும், அல்லது "ராத்திரியோடு ராத்திரியாக" இரண்டு அடி நகர்ந்திருக்கும். அதனால் சர்வேயர் உங்கள் நிலத்தில் இருந்து அளக்கத் தொடங்க மாட்டார். அக்கம்பக்கத்து சர்வே எண்களில் அசையாமல் இருக்கும் பழைய கற்களைத் தேடுவார். இரண்டு, மூன்று கற்களுக்கு இடையிலான தூரம் வரைபடத்தோடு ஒத்துப்போனால்தான், அங்கிருந்து உங்கள் எல்லைக்கு வருவார். "என் நிலத்தை அளக்கச் சொன்னா, இவர் ஏன் நாலு வயல் தள்ளிப் போய் நிக்கிறார்?" என்று எரிச்சல்படுபவர்களுக்கு இதுதான் பதில்.

அரை அடிக்கு ஏன் இவ்வளவு சண்டை?

ஒரு சின்னக் கணக்கு. 30 மீட்டர் நீளச் சுவர் வெறும் 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். போன இடம் 3 சதுர மீட்டர், அதாவது சுமார் 32 சதுர அடி. அந்தப் பகுதியில் சதுர அடி 5,000 ரூபாய் என்றால், ஒரு சாண் கூட இல்லாத அந்தப் பிசகின் விலை 1,60,000 ரூபாய்!

கிராமத்தில் கணக்கு வேறு. அங்கே பணத்தைவிட, வண்டி போகும் பாதையும் தண்ணீர் போகும் வாய்க்காலும்தான் பெரிது. ஒரு கல் இடம் மாறினால், பின்னால் இருக்கும் வயலுக்கு டிராக்டரே போக முடியாமல் ஆகிவிடும். எல்லைத் தகராறு தலைமுறை தாண்டிப் பகையாவது இதனால்தான்.

சரி... ஏன் இந்த வேலைக்கு வருகிறார்கள்?

முதல் காரணம், சீக்கிரம் வேலைக்குப் போகும் வழி. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பிரிவில் இரண்டு ஆண்டு படித்தால் போதும், களத்தில் இறங்கிவிடலாம். வரைவாளர் (சிவில்) பிரிவும் இதற்கு ஒட்டிய படிப்புதான். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ இன்னொரு வழி. நான்கு ஆண்டு கல்லூரிச் செலவைத் தாங்க முடியாத குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம்.

இரண்டாவது, அரசு வேலை. 2022-ல் டி.என்.பி.எஸ்.சி. நில அளவர், வரைவாளர் உள்ளிட்ட பணிகளுக்கு மொத்தம் 1,089 இடங்களை அறிவித்தது. அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்கும் ஊதிய நிலை; அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் உண்டு. தாலுகா அலுவலகத்தில் நில அளவர் என்றால் ஊருக்குள் கிடைக்கும் மரியாதை தனி.

மூன்றாவது, சொந்தத் தொழில். மனைப்பிரிவு போடுகிறவர்கள், கட்டட ஒப்பந்ததாரர்கள், ரோடு வேலை எடுப்பவர்கள் என்று எல்லோருக்கும் தனியார் சர்வேயர் தேவை. டோட்டல் ஸ்டேஷன் கருவியை வாடகைக்கு எடுத்தே தொழிலைத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். அரசிடம் பயிற்சியும் உரிமமும் பெற்ற நில அளவர் ஆவது இன்னொரு படி. இதற்கான பயிற்சி நிலையம் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் இருக்கிறது. ஒரு விஷயத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: தனியார் சர்வேயர் கொடுக்கும் வரைபடம் உங்கள் புரிதலுக்கும் கட்டட வேலைக்கும் உதவும், அது மட்டும் வருவாய்த்துறைப் பதிவேட்டை மாற்றிவிடாது.

நான்காவது, ஊர் சுற்றும் வாய்ப்பு. மெட்ரோ சுரங்கம் தோண்டும் இயந்திரம் மண்ணுக்கு அடியில் சரியான பாதையில் போகிறதா என்று பார்ப்பது சர்வேயர்தான். மேம்பாலத் தூண் நிற்கும் இடம், அணையின் மட்டம், காற்றாலை நிற்கும் புள்ளி என எதற்கும் முதலில் போய் நிற்பவரும், கடைசியில் சரிபார்ப்பவரும் அவரே. துபாய், கத்தார், சவுதி கட்டுமானத் தளங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து சர்வேயர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். (வளைகுடா விளம்பரங்களில் வரும் 'குவான்டிட்டி சர்வேயர்' வேறு. அவர் கட்டுமானப் பொருள் அளவையும் செலவையும் கணக்கிடுபவர். விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கோங்க!)

ஐந்தாவது காரணத்தைச் சம்பளப் பட்டியலில் பார்க்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கப் பிடிக்காதவர்களுக்கு, ஆனால் கணக்கு பிடித்தவர்களுக்கு, இரண்டும் சேர்ந்து கிடைக்கும் வேலைகள் ரொம்பக் குறைவு. காலையில் வயலில் நடை, மாலையில் கணினியில் வரைபடம். அதோடு, முகம் பார்த்துப் பேசாத இரண்டு குடும்பங்களை ஒரே கல்லுக்கு முன்னால் நிற்கவைத்து, "இதுதான் கோடு" என்று காட்டி, இருவரும் தலையாட்டிவிட்டுப் போகும்போது கிடைக்கும் திருப்தி வேறு எதிலும் வராது.

இந்த வேலைக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு

நிலத்தை அளப்பது நமக்குப் புதிதில்லை. ராஜராஜ சோழன் காலத்து நில அளவைக்குக் கல்வெட்டுச் சான்றுகள் உண்டு. வேலி, மா, குழி என்று நுணுக்கமான அளவுகள் புழங்கிய மண் இது.

இன்று கிண்டி பொறியியல் கல்லூரி என்று நாம் சொல்லும் கல்லூரி, 1794-ல் ஒரு சர்வே பள்ளியாகத்தான் தொடங்கியது. இந்தியாவையே அளந்த மாபெரும் முக்கோண அளவையின் முதல் அடிக்கோடு, 1802-ல் வில்லியம் லாம்டன் தலைமையில் பரங்கிமலைப் பகுதியில் போடப்பட்டது. சுமார் 12 கிலோமீட்டர் நீளம். அங்கே தொடங்கிய முக்கோணங்கள் வடக்கே நீண்டுகொண்டே போய், பின்னாளில் இமயமலைச் சிகரங்களின் உயரத்தைக் கணக்கிடும் வரை சென்றன.

இதற்கு நடுவே தஞ்சாவூரில் ஒரு விபத்து. 1808-ல், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே ஏற்றும்போது, அது சுவரில் மோதி நசுங்கிப்போனது. புதுக் கருவி இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். லாம்டன் காத்திருக்கவில்லை, வளைந்த பாகங்களைச் சுமார் ஆறு வாரம் உட்கார்ந்து தானே நிமிர்த்தி, மறுபடியும் வேலைக்குக் கொண்டுவந்தார். கருவி எவ்வளவு பெரிதானாலும், அதை நம்பலாமா கூடாதா என்று முடிவு பண்ணுவது கடைசியில் சர்வேயர்தான்.

நம் ஊரில் எல்லைகளை அளப்பதற்கும் கல் நடுவதற்கும் இன்றும் அடிப்படையாக இருப்பது 1923-ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். பழைய ஆவணங்களில் 'லிங்க்ஸ்' என்று ஓர் அளவு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது 66 அடி நீளமுள்ள சங்கிலியின் நூற்றில் ஒரு பங்கு. 10 சதுர சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர். தாத்தா காலத்துப் பத்திரத்தையும் இன்றைய மீட்டர் கணக்கையும் ஒப்பிட, இது தெரிந்த ஆள் வேண்டும்.

செல்போன் ஜி.பி.எஸ். வைத்தே அளக்கலாமே?

தோராயமாகப் பார்க்கலாம், எல்லை போட முடியாது. செல்போன் ஜி.பி.எஸ்.ஸில் சில மீட்டர் வரை பிசகு வரும். 10 சென்டிமீட்டருக்கே எவ்வளவு பணம் என்று மேலே பார்த்தோம். சர்வேயர்கள் பயன்படுத்தும் டி.ஜி.பி.எஸ்., ரோவர் கருவிகள், இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே போவதால், சில சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கிறது.

அப்போ ட்ரோன் வந்தால் வேலை போய்விடுமா? கிராமக் குடியிருப்புப் பகுதிகளை ட்ரோன் மூலம் அளக்கும் ஸ்வாமித்வா திட்டத்தை மத்திய அரசு 2020 ஏப்ரலில் தொடங்கியது. நகரங்களுக்கான நக்ஷா திட்டம் 2025 பிப்ரவரியில் தொடங்கியது. வரைபடத் தரவுகளுக்கு இருந்த கட்டுப்பாடுகள் 2021-ல் தளர்த்தப்பட்டதால், தனியார் நிறுவனங்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆக, ட்ரோன் இயக்கவும் ஜி.ஐ.எஸ். மென்பொருளில் வரையவும் தெரிந்த சர்வேயருக்கு வேலை கூடத்தான் செய்யும். கிண்டியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பட்டப்படிப்பே இருக்கிறது.

மாறாத ஒரு விஷயமும் உண்டு. வரப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று ட்ரோன் காட்டும். அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்று ட்ரோனுக்குத் தெரியாது. தென்னை மர நிழலுக்குக் கீழே புதைந்து கிடக்கும் கல்லைக் கடப்பாரை வைத்துத் தோண்டித்தான் எடுக்கணும்.

யாரும் முதலில் சொல்லாத பக்கம்

கஷ்டங்களையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். சித்திரை வெயில், கருவேல முள், பாம்பு எல்லாம் அன்றாடம். பெண் நில அளவர்களும் இன்று களத்தில் இருக்கிறார்கள். நாள் முழுக்க வயல்வெளியில் நிற்கும்போது கழிப்பறை வசதி கூட இருக்காது என்பது அவர்களுக்குக் கூடுதல் சிரமம்.

இதைவிடக் கடினம், மனிதர்கள். அளந்து முடித்ததும் ஒருவர் ஜெயித்ததாகவும் இன்னொருவர் தோற்றதாகவும் நினைப்பார். தோற்றவர் கண்ணுக்கு, சர்வேயர் எதிர்தரப்பிடம் காசு வாங்கியவர். உள்ளூர்ப் பெரிய மனிதரிடமிருந்து போன் வரும். லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சர்வேயர் சிக்கினார் என்ற செய்தி அடிக்கடி வருவதும் நாம் பார்ப்பதுதான். பட்டா உட்பிரிவுக்காக ஒரு விவசாயி மாதக்கணக்கில் அலைவதும், "கவனிச்சாதான் வேலை நடக்கும்" என்று ஊரே நம்புவதும் இந்தத் துறையின் மேல் படிந்த கறை. நேர்மையாக இருக்க நினைக்கும் இளைஞர் முதல் நாளிலிருந்தே சுமக்க வேண்டியது அந்தச் சந்தேகத்தையும் சேர்த்துத்தான்.

உங்கள் நிலத்தை அளக்கணும்னா?

எல்லையைக் காட்டச் சொல்லிக் கொடுக்கும் மனுவை 'அத்துக் காட்டுதல்' மனு அல்லது எஃப் லைன் மனு என்பார்கள். இதற்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் உண்டு. பக்கத்து நிலக்காரர்களுக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும். அவர்களும் இருக்கும்போது அளப்பதுதான் உங்களுக்குமே பாதுகாப்பு. முடிவில் திருப்தி இல்லை என்றால், நில அளவைத் துறையின் மேல் அதிகாரியிடம் மறு அளவு கேட்கலாம். அதற்கும் மேல் சிவில் நீதிமன்றம்.

அன்றைக்கு மறக்காமல் செய்ய வேண்டியது: பத்திரம், பட்டா, புல வரைபடம் மூன்றிலும் பரப்பளவு ஒன்றாக இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். பெரும்பாலான தகராறுகளின் முனை அங்கேயே தெரிந்துவிடும். 1980-களில் நடந்த யு.டி.ஆர். பதிவு மேம்பாட்டின்போது விழுந்த பிழைகளுக்கான திருத்த மனுக்கள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன.

யாருக்கு இந்த வேலை சரிப்படும்?

கணக்கில் பயம் இருக்கக் கூடாது. முக்கோணவியல் தினமும் தேவைப்படும். நடக்கத் தெம்பு வேணும். ஒரு அளவை எடுத்த பிறகும், "இன்னொரு முறை பார்த்துடுவோம்" என்று திரும்பப் போகும் பொறுமை வேணும். எல்லாவற்றுக்கும் மேல், சுற்றி நிற்கும் பத்துப் பேர் பத்து மாதிரிப் பேசும்போது, டேப் காட்டும் எண்ணை மட்டும் சொல்லும் துணிச்சல் வேணும். மற்றதெல்லாம் இரண்டு ஆண்டுப் படிப்பில் வந்துவிடும். இந்தக் கடைசி ஒன்றை எந்த ஐ.டி.ஐ.யும் சொல்லித்தராது.