மருந்துக் கம்பெனி ஃபைலை கம்ப்யூட்டர் எழுதினா போதுமா?

இன்னைக்கு எபிசோடில் மருந்துக் கம்பெனிகளின் பேப்பர் வேலையைப் பத்திப் பேசப் போறேன். கேட்க போரடிக்கிற தலைப்புதான். ஆனா இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கு.

2025 அக்டோபர் ஞாபகம் இருக்கும். கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீசன் ஃபார்மா தயாரித்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் அதைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாடு அரசின் ஆய்வகம் சோதித்தபோது, ஒரு பேட்ச்சில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். ஆய்வுக்குப் போன அதிகாரிகள் 300-க்கும் மேற்பட்ட குறைகளைப் பட்டியலிட்டார்கள். உரிமம் ரத்தானது.

ஒரு பேட்ச்சுக்கு ஒரு கட்டு பேப்பர்

சிரப்பில் மருந்தைக் கரைக்க புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பாங்க. மருந்துத் தரம் இல்லாத சரக்கில் இந்த நச்சு கலந்திருக்கலாம். அதனால மூலப்பொருள் வந்ததும் மாதிரி எடுத்து லேபில் சோதிக்கணும். பாஸ் ஆனாத்தான் எடை போடணும், கலக்கணும், நிரப்பணும். ஒவ்வொரு படியிலும் யார் செய்தார், எத்தனை மணிக்கு, யார் சரிபார்த்தார் என்று எழுதி கையெழுத்து வாங்கணும். இதுதான் பேட்ச் ரெக்கார்ட்.

பேப்பரில் ஒரு ஓட்டை உண்டு. வேலை முடிந்த பிறகு, நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்றால் இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து எல்லாத்தையும் நிரப்பிவிடலாம். பார்க்க சுத்தமா இருக்கும்.

சரி, இதை சாஃப்ட்வேருக்கு மாத்தினா? அந்தப் படிவத்தையே திரையில் காட்டி, கடைசியில் அழகான அறிக்கை தர்ற மாதிரி செய்தால், பொய்யை வேகமா டைப் அடிக்க உதவினதுதான் மிச்சம். நல்ல சிஸ்டம் வேற மாதிரி வேலை செய்யும். டிரம்மில் பார்கோடு இருக்கும். லேப் முடிவு வராத வரைக்கும் அந்த டிரம் ‘நிறுத்தி வைப்பு’ நிலையில் இருக்கும். தராசுப் பக்கம் கொண்டு போய் ஸ்கேன் செய்தால் எடை போடவே விடாது. ஒரு எண்ணைத் திருத்தினால் பழைய எண், புது எண், திருத்தியவர் பெயர், நேரம், காரணம் எல்லாம் பதிவாகும். அமெரிக்காவில் மின்னணுப் பதிவுகளுக்கு இந்த மாதிரி விதியை 1997-லேயே கொண்டு வந்துட்டாங்க.

அரியலூர் புகைபோக்கி சொல்லும் பாடம்

இதைப் புரிஞ்சுக்க நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு. அரியலூர் சிமென்ட் ஆலைகள். சிமென்ட் உட்பட 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலும் கழிவுநீரிலும் ஆன்லைன் அளவுக் கருவி வைக்கணும்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் உத்தரவு போட்டது. தூசி எவ்வளவு என்று கருவி அளக்கும். அந்த அளவு நேரா வாரியத்தின் சர்வருக்குப் போகும். நடுவில் யாரும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை.

மருந்திலும் இப்போ இந்தத் திசையில் ஒரு அடி வெச்சிருக்காங்க. கோல்ட்ரிஃப்புக்குப் பிறகு, புரொப்பிலீன் கிளைக்கால் மாதிரி ஆபத்து அதிகமுள்ள கரைப்பான்களை எவ்வளவு தயாரித்தோம், யாருக்கு விற்றோம் என்பதை பேட்ச் வாரியாக ஓ.என்.டி.எல்.எஸ். என்ற தேசிய உரிம தளத்தில் பதிவு செய்யச் சொல்லியிருக்காங்க.

ஆனா கருவியும் சும்மா நம்புறதுக்கில்லை. புகைபோக்கி சென்சாரை அளவுத்திருத்தம் செய்யாவிட்டால் தப்பான எண் தவறாமல் போய்ச் சேரும். லேபில் சோதிக்காமலே ‘பாஸ்’ என்று பட்டனைத் தட்டினால், எந்த சாஃப்ட்வேரும் அதைக் கண்டுபிடிக்காது. அதனால லேப் கருவியை நேரடியா சிஸ்டத்தோடு இணைக்கணும். திடீர் ஆய்வுக்கு ஆளும் வரணும்.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ பார்மசி, இன்ஜினியரிங் படிச்சுட்டு இந்த வேலைக்குப் போக நினைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். ‘எங்க சிஸ்டம் பத்து நிமிஷத்துல ரிப்போர்ட் கொடுத்துடும்’னு யாராவது பெருமையா சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: சோதிக்காத டிரம்மை ஸ்கேன் செஞ்சா உங்க சிஸ்டம் நிறுத்துமா, நிறுத்தாதா?