தெரிந்தும் சும்மா இருந்த பள்ளி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், மன்றோ கவுண்டி. 1992 டிசம்பரில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் உடன் படித்த பையன் அத்துமீறத் தொடங்கினான். கை வைக்கப் பார்த்தான். காது கூசும்படி பேசினான். அவள் ஆசிரியையிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னாள். அம்மா ஆசிரியையைக் கேட்டபோது, தலைமை ஆசிரியருக்கு விஷயம் தெரியும் என்று பதில் வந்தது. சீண்டல் நிற்கவில்லை.

அந்தப் பையனால் தொல்லைக்கு ஆளான சிறுமிகள் சிலர் சேர்ந்து தலைமை ஆசிரியரைப் பார்க்க அனுமதி கேட்டார்கள். அவருக்கு வேண்டுமென்றால் அவரே கூப்பிடுவார் என்று சொல்லி ஆசிரியர் ஒருவர் உட்கார வைத்துவிட்டார். நேரில் போய்க் கேட்ட தாயிடம், வேறு யாரும் புகார் சொல்லவில்லையே, உங்கள் மகள் மட்டும் ஏன் சொல்கிறாள் என்றார் தலைமை ஆசிரியர். வகுப்பில் அவளுக்கு அந்தப் பையனின் பக்கத்து இருக்கை. அதை மாற்றித் தருவதற்கே மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவளின் மதிப்பெண்கள் சரிந்தன. ஏப்ரலில், அவள் எழுதி வைத்திருந்த தற்கொலைக் கடிதம் அப்பாவின் கையில் கிடைத்தது. அடுத்த மாதம் அந்தப் பையன் மீது பாலியல் குற்றச்சாட்டு பதிவாகி, அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

தாய் நீதிமன்றத்தில் கொடுத்த மனுவில் உள்ள விவரங்கள் இவை. வழக்கைப் பள்ளி வாரியத்தின் மேல் தொடுத்தார் அவர். உடன் படிக்கும் பையன் செய்ததற்குப் பள்ளி எப்படிப் பொறுப்பாகும் என்று கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1999 மே 24 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தாயின் பக்கம் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். பையன் செய்ததற்காகப் பள்ளி பதில் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்த பிறகும் அசையாமல் இருந்தால், அந்த அசையாமைக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

பிள்ளைகளின் விளையாட்டுச் சண்டையெல்லாம் இனி ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வந்துவிடும் என்று எதிர்த் தீர்ப்பு எழுதிய ஆந்தனி கென்னடி அஞ்சினார். அந்த அச்சத்துக்கு இடமில்லாதபடி பெரும்பான்மைத் தீர்ப்பே வாசலைக் குறுக்கி வைத்தது. சீண்டல் கடுமையாக இருக்க வேண்டும், தொடர்ந்து பரவலாக நடந்திருக்க வேண்டும், யார் பார்த்தாலும் அருவருக்கத் தக்கதாக இருக்க வேண்டும். அதோடு, அந்தப் பிள்ளைக்குக் கல்வியே எட்டாமல் போகும் நிலை வந்திருக்க வேண்டும். இந்த அளவுகோல் குழந்தைகளுக்கு மிக உயரமானது என்பது என் உறுதியான கருத்து. இவ்வளவும் நடந்து முடிகிற வரை ஒரு பத்து வயதுப் பிள்ளை ஏன் பொறுத்திருக்க வேண்டும்?

தாய் கையில் எடுத்த சட்டத்தின் பெயர் டைட்டில் நைன். 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்ஸன் கையெழுத்திட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதி அது. அதன் மூல வாசகம் ஆங்கிலத்தில் 37 சொற்கள்தான். ஃபெடரல் அரசின் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கவோ, பலன்களை மறுக்கவோ, பாகுபாட்டுக்கு உள்ளாக்கவோ கூடாது. அரசுப் பள்ளிகள் அனைத்தையும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது அந்தப் பணத்தின் வழியாகத்தான்.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த பெண்கள் அந்த ஒதுக்கலைத் தாங்களே அனுபவித்தவர்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பகுதி நேர விரிவுரையாளராக இருந்த பெர்னிஸ் சாண்ட்லருக்கு முழு நேர வேலை தர மறுத்தார்கள். ஒரு பெண்ணுக்கு இவ்வளவு வேகம் ஆகாது என்பது அவர் கேட்ட காரணம். அவர் சட்டப் புத்தகங்களைப் புரட்டி வழி கண்டுபிடித்து, ஏறக்குறைய 250 கல்வி நிறுவனங்கள் மீது புகார் கொடுத்தார். ஓரிகானைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஈடித் கிரீன் இந்தப் பாகுபாடு பற்றி 1970-இல் நாடாளுமன்றத்தில் விசாரணை நடத்தினார். இன்னொரு உறுப்பினரான ஹவாயின் பேட்ஸி மிங்க் டாக்டராக ஆசைப்பட்டவர். விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகள் எதுவும் சேர்க்காததால் சட்டம் படித்து அரசியலுக்கு வந்தவர். 2002-இல் அவர் மறைந்த பின் இந்தச் சட்டத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

டைட்டில் நைன் என்றதும் அமெரிக்கர்கள் பலருக்கு விளையாட்டு மைதானம்தான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் உண்டு. 1971-72-இல் உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் இருந்த பெண் பிள்ளைகள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். ஆனால், 1975-இல் வந்த விதிகள் மைதானத்தோடு நின்றுவிடவில்லை. கர்ப்பமான மாணவியைப் பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது. மருத்துவர் சொல்லும் காலம் வரை விடுப்பு தந்து, திரும்பி வரும்போது பழைய இடத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். உடுப்பும் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று 2022-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மாணவிகள் பாவாடைதான் அணிய வேண்டும் என்று விதித்திருந்த வட கரோலினாப் பள்ளி ஒன்றின் வழக்கு அது.

ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரங்களையும் எல்லாருக்கும் தெரிவிக்க வேண்டும். புகாரை எப்படி விசாரிப்பார்கள் என்ற நடைமுறையையும் வெளியிட வேண்டும். இந்தக் கடமையைச் செய்யாத பள்ளிக்கு என்ன ஆனது? 1998-இல் டெக்ஸஸின் லாகோ விஸ்டா பள்ளி மாவட்டத்து வழக்கில் விடை இருக்கிறது. அங்கே ஆசிரியர் ஒருவர் தன் மாணவியைப் பாலியல் உறவுக்கு இழுத்திருந்தார். போலீஸ் கண்டுபிடிக்கும் வரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று அந்தப் பள்ளி மாவட்டம் அறிவித்ததும் இல்லை. முறையான புகார் நடைமுறையே அங்கு இல்லை. ஆனாலும், நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளவருக்கு விஷயம் தெரியாததால் நஷ்ட ஈடு கிடையாது என்று ஐந்துக்கு நான்கு கணக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. கதவையே வைக்காத வீட்டுக்காரர், நீ கதவைத் தட்டவில்லையே என்று தப்பித்துக்கொண்டதுதான் இது. டைட்டில் நைன் வரலாற்றில் பிள்ளைகளுக்கு நேர்ந்த பெரிய அநீதி இந்தத் தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது 2020-இல் வந்த விதி. பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில், எந்த ஊழியருக்குத் தெரிந்தாலும் பள்ளிக்குத் தெரிந்ததாகவே கணக்கு. பஸ் ஓட்டுநரோ உணவுக்கூடத்தில் பரிமாறுபவரோ, பள்ளி மாவட்டத்தின் ஊழியராக இருந்தால் போதும். ஆனால், அதே விதி சீண்டலுக்கு அந்த உயரமான அளவுகோலைத் தனக்கும் எடுத்துக்கொண்டது. பைடன் அரசு 2024-இல் அதைத் தளர்த்திப் புது விதி கொண்டுவந்தது. பாலின அடையாளத்தையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்ததால் அதை எதிர்த்துப் பல மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 ஜனவரி 9 அன்று கென்டக்கி ஃபெடரல் நீதிமன்றம் அந்த விதி முழுவதையும் ரத்து செய்தது. மீண்டும் 2020 விதி. ஆட்சி மாறும்போதெல்லாம் புகார் விசாரிக்கும் முறையும் மாறினால், நடுவில் நிற்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? போதாக்குறைக்கு, இந்தப் புகார்களை விசாரிக்கும் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்துக்கு இருந்த 12 மண்டல அலுவலகங்களில் 7-ஐ மூடுவதாக 2025 மார்ச்சில் அரசு அறிவித்தது.

நியூஜெர்சியிலும் டெக்ஸஸிலும் கலிபோர்னியாவிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். விசாவில் இருக்கிறோம், நமக்கு எதற்கு வம்பு என்று ஒதுங்காதீர்கள். இந்தச் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. புகார் சொன்னவரைப் பழிவாங்குவதும் பாகுபாடே என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெண்கள் அணிக்கு நியாயம் கேட்டதால் பயிற்சியாளர் பொறுப்பை இழந்ததாக அலபாமாவின் பர்மிங்ஹாம் ஆசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. உங்கள் பள்ளி மாவட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் யார் என்று இன்றே அதன் இணையதளத்தில் பாருங்கள். மகளோ மகனோ ஏதாவது சொன்னால், வாய்மொழியாக விடாமல், தேதி போட்டு மின்னஞ்சலில் எழுதுங்கள். பள்ளிக்குத் தெரியும் என்பதற்குப் பிற்பாடு அதுதான் சான்று. பள்ளி அசையவில்லை என்றால் குடிமை உரிமை அலுவலகத்துக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. பொதுவாக, சம்பவம் நடந்த 180 நாளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.