உங்களுக்குத் தெரியுமா? புலியின் ரத்தத்துக்குப் பெர்மிட் வேண்டும், எச்சத்துக்கு?

கோலாலம்பூரிலிருந்து காஜாங் போகிறவர்கள் தினமும் கடக்கும் செராஸ் சாலையின் 10ஆவது கிலோமீட்டரில்தான் 'பெர்ஹிலித்தான்' எனப்படும் வனவிலங்குத் துறையின் தலைமையகம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் புலி, தப்பிர், சூரியக் கரடி எல்லாவற்றின் காகிதமும் இந்தத் துறையின் கையில்.

2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, முழுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கை ஆராய்ச்சிக்காகத் தொடுவதற்கும் சிறப்புப் பெர்மிட் தேவை. 'அறிவியலுக்காகத்தானே' என்ற சமாதானம் செல்லாது. கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது: 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சிய மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்றது. மயக்க ஊசி ஒன்று பிசகினாலும் இழப்பு பெரிது.

சபா, சரவாக் போனால் கதை வேறு. அங்கே தனிச் சட்டம், தனித் துறை. செராஸ் பெர்மிட் அங்கே செல்லாது.

விலங்கிலிருந்து எடுத்த மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் குறுக்கே வரும். ஒரு துளி ரத்தமும் ஒரு கொத்து முடியும் அதன் கணக்கில் 'விலங்கு'தான். ஆனால் விலங்கைத் தொந்தரவு செய்யாமல் பொறுக்கிய எச்சமும் சிறுநீரும் வெறும் கழிவு. சைட்டிஸ் பெர்மிட் வேண்டியதில்லை. அந்த எச்சத்திலிருந்தே மரபணுவைப் பிரித்தெடுத்து எந்தப் புலி என்று சொல்லிவிடுகிறார்கள்! அதற்காக யாரும் பையோடு காட்டுக்குள் கிளம்பிவிட வேண்டாம். உள்ளூர்ச் சட்டமும் காட்டுக்குள் நுழையும் அனுமதியும் தனி.