முதுகுக்குள் ரத்தமே எட்டாத இடம்! கோவையில் அவிழ்ந்த ரகசியம் தெரியுமா?

காலையில் எழும்போது இருக்கும் உயரம், ராத்திரி படுக்கப் போகும்போது உங்களுக்கு இருப்பதில்லை, தெரியுமா? ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூடக் குறைந்திருக்கும்! முதுகெலும்புகளுக்கு நடுவே 23 டிஸ்க்குகள் இருக்கின்றன. பகலெல்லாம் உடம்பின் பாரம் அமுக்க அமுக்க அவற்றிலிருந்து நீர் கசிகிறது. படுத்துத் தூங்கும்போது இழந்ததைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன.

ஆகவே விடிகாலையில் டிஸ்க் ஊறிப் பருத்து விறைப்பாக நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நம் ஊரில் குட்டைச் சீமாறை எடுத்துக்கொண்டு குனிந்த குனிப்பில் வாசல் கூட்டுவார்கள், கட்டுத்தரையில் சாணி வழிப்பார்கள், நிறைகுடம் தூக்குவார்கள். "குறுக்குப் புடிச்சுக்கிச்சுங்க" என்று பாதிப் பேர் சொல்வது அந்த வேளையில்தான். தீராத இடுப்பு வலிக்காரர்கள், காலையில் எழுந்த கையோடு குனிவதை மட்டும் தவிர்த்தபோதே வலி குறைந்ததாக 1998-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. மருந்தில்லை, ஊசியில்லை! வாசல் கூட்டுவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம். முடியாதென்றால் கைப்பிடி நீண்ட துடைப்பமாவது வாங்கிக் கொடுங்கள்.

அந்த டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது? சுற்றிலும் கெட்டியான நார் வளையம், நடுவே நுங்குச் சுளை போல வழவழப்பான கூழ். நம் உடம்பில் ரத்தக் குழாய் இல்லாத உறுப்புகளிலேயே மிகப் பெரியது இதுதான்! அப்படியானால் சாப்பாடு எப்படிப் போகிறது?

இந்தக் கேள்விக்கு உயிருள்ள மனிதர்களிடமே விடை தேடிக் கண்டவர்கள் நம் கோயம்புத்தூர்க்காரர்கள், தெரியுமா? மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிறதே கங்கா மருத்துவமனை, மயக்க மருந்து நிபுணர் டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் 1978-இல் தொடங்கியது. அவருடைய மகன், முதுகெலும்பு அறுவை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் ஒரு காரியம் செய்தார்கள். ஸ்கேனில் பளிச்சென்று தெரியும் மருந்தை ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றினார்கள். பிறகு ஒரு தடவையோடு விடாமல், மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்குள் சில நிமிடங்களிலேயே மருந்து வந்துவிட்டது. டிஸ்க்கின் நடுமையத்தில் அது உச்சத்தை எட்ட எத்தனை நேரம் ஆயிற்று தெரியுமா? சுமார் 6 மணி நேரம்! எலும்புக்கும் டிஸ்க்குக்கும் இடையில் உள்ள மெல்லிய தட்டின் வழியாகத் துளித்துளியாக ஊறித்தான் ஆகாரம் உள்ளே போகிறது. அந்தத் தட்டு பழுதானால் டிஸ்க்கின் சாப்பாட்டு வழியே கெட்டுப்போகிறது. 2004-இல் வெளியான இந்த ஆய்வுக்கு, முதுகெலும்பு ஆராய்ச்சி உலகம் பெரிதாக மதிக்கும் ஐ.எஸ்.எஸ்.எல்.எஸ். பரிசு கிடைத்தது.

அதோடு நிற்கவில்லை. டிஸ்க் பிதுங்குவது நார் வளையம் கிழிவதால்தான் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. அறுவை செய்துகொண்ட 181 பேரை இதே குழு ஆராய்ந்து 2013-இல் எழுதியது: ஏறத்தாழ 65 சதவீதம் பேருக்கு, டிஸ்க் எலும்போடு ஒட்டியிருக்கும் அந்தத் தட்டின் விளிம்புதான் பெயர்ந்திருந்தது! இதற்கும் அதே பரிசு.

டிஸ்க்கின் சாப்பாட்டைக் கெடுப்பதில் புகைக்கும் பங்குண்டு. புகைக்கும் அண்ணன், புகைக்காத தம்பி என்று ஒரே உரு இரட்டையர்களை 1991-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புகைத்தவரின் டிஸ்க் தேய்மானம் 18 சதவீதம் கூடுதல். டிஸ்க்குக்கு ஆகாரம் ஊறி வருவதே எலும்பின் நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்துதான். பீடிப் புகை அந்த மாதிரிக் குழாய்களையும் கெடுக்கிறது.

"ஸ்கேன்ல டிஸ்க் விலகியிருக்குன்னு போட்டிருக்குதுங்க" என்று முகம் வாடி வருகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் ஸ்கேன்களை 2015-இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம்! 80 வயதில் 96 சதவீதம்! வலி மட்டும் இல்லை. தலை நரைப்பதற்கு யாரும் ஆபரேஷன் கேட்பதில்லையே. பிதுங்கிய டிஸ்க்கும் பலருக்குத் தானாகவே சுருங்கிவிடுகிறது. சிதறிய துண்டை உடம்பே கரைத்துவிடுகிறது. காரணமில்லாமல் எடுத்த ஸ்கேன் ஆளைப் பயமுறுத்தி முடக்கிப்போடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஏனென்றால் படுக்கை மருந்தல்ல, தெரியுமா? 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களில் திடீர் இடுப்பு வலி வந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். சிலரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள், சிலருக்கு உடற்பயிற்சி கொடுத்தார்கள், மற்றவர்களைத் தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது வேலை பார்த்தவர்கள்தான்!

அப்படியானால் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் தைக்கிறவருக்கு ஏன் வலிக்கிறது? பவர் டேபிளில், சாய்மானம் இல்லாத ஸ்டூலில், கழுத்தை நீட்டி ஓவர்லாக் ஓட்டுகிறவர் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறார். பக்கத்திலேயே செக்கிங் மேசையில் இருக்கும் பெண் அத்தனை நேரமும் நின்றே இருக்கிறார். இருவருக்கும் ஒரே வலி! உட்காருவதும் நிற்பதும் குற்றமில்லை, மாறாமல் அப்படியே இருப்பதுதான் குற்றம். சுமை ஏறி இறங்கினால்தான் டிஸ்க்குக்குள் நீர் போய்வரும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு வைக்க விடுவதற்கு கம்பெனிக்கு என்ன செலவாகிவிடும்?

கடைக்காரர்களுக்கு ஒரு சட்டமே இருக்கிறது, தெரியுமா? கோவையில் கிராஸ்கட் ரோட்டிலும் ஒப்பணக்கார வீதியிலும் ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே சேலை விரித்துக் காட்டுவார்கள். 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆகவேண்டும் என்றது. அடுத்த தடவை சேலை எடுக்கப் போகும்போது அந்த ஸ்டூல் இருக்கிறதா என்று கண்ணால் தேடுங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள்.

வலி வந்து போனவர்களுக்கு ஒரு நல்ல சேதி. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி தேறிய 701 பேரில் ஒரு பகுதியினருக்கு நடைப்பயிற்சித் திட்டம் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம். நடக்காத பிரிவில் 112 நாளில் திரும்பிய வலி, நடந்தவர்களுக்கு 208-ஆம் நாள் வரை தள்ளிப்போனது! 2024-இல் வெளிவந்த ஆய்வு இது. கோவை ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று சுற்றினாலே அந்த அரை மணி நேரம் முடிந்துவிடும். தோட்டத்து வரப்பில் நடந்தாலும் அதே பலன்தான். பெல்ட்? நாள்பட்ட வலிக்கு வழக்கமாக அதைக் கட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது.

ஆனால் எல்லா வலியும் நடந்தால் போகும் வலியல்ல. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி தூங்கவிடாத வலி என்றால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நுரையீரலைப் போல எலும்பிலும் காசநோய் வரும், தெரியுமா? பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகிறது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. கால் வலுவிழந்து இழுத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, அறியாமல் போனாலோ எண்ணெய் தடவுவது, சுளுக்கு எடுப்பது எதுவும் வேண்டாம். விடியட்டும் என்று காத்திருக்காமல், நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.