நிலம் நடுங்கியபோது நின்ற கோட்டை

ஜப்பானில் கோபே நகருக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் ஹிமேஜி என்னும் ஊர் உள்ளது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அகன்ற நேர்ச்சாலை ஒன்று வடக்கு நோக்கிச் செல்வதைக் காண்பீர்கள். அச்சாலையின் மறுமுனையில், சிறு குன்றின்மேல், வெண்மை நிறமான ஒரு கோட்டை எழுந்து நிற்கிறது. ‘வெண்கொக்குக் கோட்டை’ என்று அந்நாட்டு மக்கள் அதைச் செல்லமாக அழைக்கின்றனர். இன்று நாம் காணும் பெரிய கோபுரத்தை இகெடா தெருமாசா என்ற சிற்றரசர் 1601இல் தொடங்கி 1609இல் கட்டி முடித்தார். 1993இல் இக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது.

அகழியைக் கடந்து உள்ளே நுழைந்தால் பாதை நேராகச் செல்வதில்லை. கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் வழி திரும்பி வேறு பக்கம் கொண்டுபோய்விடும். பகைவரைக் குழப்பச் செய்த ஏற்பாடு இது. சுவர்களில் வட்டம், முக்கோணம், சதுரம் எனப் பல வடிவத் துளைகள். அம்பும் துப்பாக்கியும் நீட்டுவதற்காக அமைந்தவை. செங்குத்தான மரப்படிகளில் ஏறி உச்சித் தளத்தை அடைந்தால் அங்கே ஒரு சிறிய வழிபாட்டிடம் உள்ளது.

1995 ஜனவரி 17 அதிகாலையில் கோபே வட்டாரத்தை 7.3 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று இந்த உச்சித் தளத்தில் படைத்திருந்த அரிசி மதுக் குப்பி கவிழவே இல்லை என்று சொல்கிறார்கள். கோட்டைக்கும் பெரிய சேதம் இல்லை. தெய்வச் செயல் என்று சிலர் கூறலாம். இயற்பியல் பயிலும் நாம் காரணங்களைத் தேடிப் பார்ப்போம்.

கல்லும் நீரும்

முதலில் கோபுரத்தைத் தாங்கும் கல்மேடையைக் கவனியுங்கள். அதன் உயரம் ஏறத்தாழ 15 மீட்டர். கற்களுக்கிடையே சாந்து பூசப்படவில்லை. இது குறையன்று, இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மண்ணைத் தாங்கும் சுவருக்குப் பெரும்பகை நீர். மழைநீர் சுவரின் பின்னே தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் அழுத்தம் கூடும். பத்து மீட்டர் ஆழத்தில் அது பத்து டன்! ஆனால் இங்கே முகப்புக் கற்களுக்குப் பின்னால் சிறு கற்கள் நிரப்பப்பட்டுள்ளன. நீர் அவற்றினூடே இறங்கி, இடுக்குகள் வழியே வெளியேறிவிடும்.

சுவரின் வடிவத்தையும் பாருங்கள். அடியில் சரிவாகத் தொடங்கி, மேலே போகப் போகச் செங்குத்தாகிறது. விரித்த விசிறியின் ஓரம்போல இருப்பதால் ‘விசிறிச் சரிவு’ என்பார்கள். மண்ணின் அழுத்தம் ஆழத்தில்தான் அதிகம். ஆகவே அங்கே சுவர் நன்கு சாய்ந்து நிற்கிறது. மூலைகளில் நீண்ட கற்களை மாறி மாறி அடுக்கிப் பிணைத்திருக்கிறார்கள்.

இரு பெருந்தூண்கள்

மேடையின்மேல் நிற்பது ஐந்தாயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள மரக்கோபுரம். அதன் நடுவே கிழக்கிலும் மேற்கிலுமாக இரண்டு பெருந்தூண்கள், நிலவறையிலிருந்து உச்சித் தளத்தின் தரைவரை செல்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 மீட்டர் நீளம்.

இவற்றின் பயனை வீட்டிலேயே அறியலாம். ஐந்தாறு காலித் தீப்பெட்டிகளை ஓர் அட்டையின்மேல் அடுக்கி, அட்டையை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். பெட்டிகள் ஒன்றன்மீது ஒன்று நழுவிச் சரியும். இப்போது அவற்றைத் துளையிட்டு, இரண்டு ஈர்க்குச்சிகளைச் செருகி, மீண்டும் ஆட்டுங்கள். எல்லாப் பெட்டிகளும் சேர்ந்தே அசையும். கோபுரத்தின் தளங்களைத் தூண்கள் இவ்வாறே பிணைக்கின்றன.

மரத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்றொன்றின் துளையில் பொருத்துவது அந்நாட்டுத் தச்சர் முறை. கட்டடம் அசையும்போது இத்தகைய இணைப்புகள் சிறிதளவு உரசுகின்றன. அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதி உராய்வினால் வெப்பமாகிக் கழிந்துவிடுகிறது. மேலே போகப் போகத் தளங்கள் குறுகுவதால் ஈர்ப்பு மையமும் தாழ்வாகவே உள்ளது.

மரத்துக்கு மற்றொரு பகை நெருப்பு. கூரை முனைகளில் காணும் மீன் உருவங்கள் தீயைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. உண்மையில் தடுப்பது சுவரிலும் இறவாரத்திலும் பூசிய சுண்ணாம்புச் சாந்து. கோட்டையின் வெண்மைக்கும் அதுவே காரணம்.

சாய்ந்த கோபுரம்

இத்தனை திறமையோடு கட்டியும் ஒரு பிழை நேர்ந்தது. கோபுரத்தின் பாரத்தால் அடிக்கற்கள் மண்ணில் அமிழ்ந்தன. கோபுரம் தென்கிழக்காகச் சாய்ந்தது. தன் வேலை கோணலாகிவிட்டதே என்று தலைமைத் தச்சர் உச்சியிலிருந்து குதித்து உயிர்விட்டார் என ஒரு கதையும் வழங்குகிறது.

1956 முதல் 1964 வரை நடந்த பெரும் பழுதுபார்ப்பில் கோபுரத்தை முழுவதுமாகப் பிரித்து மீண்டும் கட்டினார்கள். அடியில் கம்பிக் கான்கிரீட் அடித்தளம் இடப்பட்டது. மேற்குத் தூண் உளுத்துப் போயிருந்ததால் மாற்றப்பட்டது. அத்தனை நீளத்துக்கு ஒரே மரம் அமையாமல், இரண்டு மரங்களை இணைத்தே புதிய தூணைச் செய்தார்கள். 2009 முதல் 2015 வரை கூரையும் பூச்சும் செப்பனிடப்பட்டன.

அப்படியானால் குப்பி கவிழாததற்குக் காரணம் எது? தூண்களா, புதிய அடித்தளமா? இரண்டுக்கும் பங்கு உண்டு. நிலநடுக்க மையத்திலிருந்து இருந்த தொலைவுக்கும் பங்கு உண்டு. தொலைவு கூடக் கூட அதிர்வு தணிகிறது. ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை மறப்பது அறிவியல் ஆகாது.

தற்செயலுக்கும் இடம் உண்டு. 1945 ஜூலையில் ஹிமேஜி நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. கோபுரத்தின் உச்சியில் விழுந்த தீக்குண்டு மட்டும் பற்றவில்லை. அது பற்றியிருந்தால் எந்தத் தூணும் கோட்டையைக் காத்திராது.

கல்மதில்கள் எப்போதும் நிற்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2016 ஏப்ரலில், 14ஆம் நாளும் 16ஆம் நாளும், தென்ஜப்பானில் உள்ள குமமோட்டோ கோட்டையின் அருகிலேயே நிலம் கடுமையாக நடுங்கியது. மதில்கள் பல இடங்களில் சரிந்தன. உதிர்ந்த கற்களுக்கு எண்ணிட்டு, பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்து வருகிறார்கள். அப்பணி 2052 வரை நீளும் எனத் திட்டமிட்டுள்ளனர்.

ஹிமேஜிக் கோட்டையைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், மேற்குத் தூணின் அருகே சற்று நின்று, இரண்டு மரங்களும் கூடும் இடத்தைத் தேடிப் பாருங்கள். நானூறு ஆண்டுக் கோட்டை பழமையால் மட்டும் நிற்கவில்லை. உளுத்ததை உளுத்தது என்று ஒப்புக்கொண்டு மாற்றியவர்களாலும் அது நிற்கிறது.