பம்பு மோட்டாரின் வெப்பமும் ஆயுளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை ஏற்பட்ட நெல்லிக்குப்பத்தின் சுற்றுக் கிராமங்களில் கரும்பே பிரதான பணப்பயிராகும். சித்திரை, வைகாசி மாதங்களில் இளங்கரும்புக்குத் தண்ணீர் தவறினால் தூர் கட்டுவது குறைந்து மகசூல் சரியும். அத்தருணத்தில் பம்பு மோட்டார் எரிந்து, காயில் சுற்றுவதற்குப் பட்டறைக்குச் சென்றுவிடுமானால், ரிப்பேர்ச் செலவைக் காட்டிலும் பயிர் நஷ்டமே பெரிதாகும்.

மோட்டார் எரிவதற்குப் பெரும்பாலும் வெப்பமே காரணமாகும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஓடுகையில் ஏறக்குறைய 700 வாட் மின்சாரம் தண்ணீர் இறைக்க உதவாமல் வெறும் சூடாகவே மாறுகிறது. அச்சூடு வெளியேறாவிடில் கம்பிச்சுருளின் காப்பு கருகத் தொடங்கும். உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேட் கூடுந்தோறும் காப்பின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. அதாவது, இருபது வருஷம் உழைக்க வேண்டிய காப்பு, 20 டிகிரி மிகுதியான சூட்டில் ஐந்து வருஷத்திலேயே கெட்டுவிடும்.

பெரிய யந்திரங்களுக்கும் இதே நியதிதான். நெல்லிக்குப்பத்துக்குத் தென்மேற்கேயுள்ள நெய்வேலியில் 1962-ம் வருஷம் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சார உற்பத்தி தொடங்கிற்று. அங்குள்ள அனல் நிலையங்களில் காணும் அகன்ற வாயுடைய கோபுரங்கள் புகைபோக்கிகள் அல்ல. நீராவியைக் குளிர்வித்துச் சூடேறிய தண்ணீரை ஆற்றுவதற்கென்றே கட்டப்பட்டவை. வெப்பத்தை அகற்றுவதற்கு மின்நிலையம் இத்தனை ஏற்பாடு செய்துகொள்ள, குடியானவரோ மோட்டாரின்மேல் சாக்கைப் போர்த்தி, தகரக் கொட்டகையில் அடைத்து வைக்கிறார்.

மோட்டார்க் கொட்டகையில் எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள் இருத்தல் அவசியம். தகரக் கூரையின்மேல் கரும்புச் சோகையோ கீற்றோ வேய்ந்தால் உட்சூடு தணியும். ஆயினும் தீப்பொறி படாதவாறு மின்கம்பிகளுக்கு எட்ட வேய வேண்டும். மோட்டாரின் பின்புற விசிறிமூடியில் குளவி கட்டும் மண்கூட்டையும், உடம்பின் வரிப்பள்ளங்களில் படியும் புழுதியையும், மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னர், மாதம் ஒருமுறை அகற்றுதல் நலம். ஆழ்துளைக் கிணற்றுள் இறங்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கு அதனைச் சுற்றி ஓடும் தண்ணீரே குளிர்ச்சி தருவது. ஆகையால், நீர்மட்டம் இறங்கியபின் வெறுமனே ஓடவிடுவதும், சேற்றில் அமிழ்த்தி வைப்பதும் அதன் ஆயுளைப் போக்கும்.

மின்னழுத்தம் தாழ்ந்தாலும் சூடு ஏறும். மின்னோட்டம் 20 சதவிகிதம் கூடினால் கம்பியில் உண்டாகும் வெப்பம் 44 சதவிகிதம் கூடும். மூன்று பேஸ்களில் ஒன்று அற்றுப்போனாலோ, மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 1.73 மடங்கு மின்னோட்டமும், அதனால் மும்மடங்கு வெப்பமும் உண்டாகி, மோட்டார் சில நிமிஷங்களிலேயே கருகக்கூடும். இதைத் தடுக்கவே ஸ்டார்ட்டரில் ரிலே வைக்கப்பட்டுள்ளது. ரிலே விழுகிறதென்று பொத்தானைக் குச்சியால் அடைத்துக் கட்டுவது, காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமானமாகும்.

கிராமத்து டிரான்ஸ்பார்மருக்கும் இது பொருந்தும். அதனுள் இருக்கும் எண்ணெய் காப்பாகவும் குளிர்விப்பதாகவும் இருவகையிலும் பயன்படுகிறது. 5 குதிரைத்திறனுக்கு அனுமதி பெற்று ஏழரையை இணைப்பவர் பலரானால், எண்ணெய் கொதிப்பேறி, ஒருவர் ஆசைக்காக ஊர் முழுவதும் தண்ணீரின்றி நிற்க நேரும். எண்ணெய்க் கசிவு, குழாய்களின்மேல் படர்ந்த கொடி, நீலநிறம் மாறி வெளிறிய சிலிக்கா ஜெல் ஆகியவற்றைக் கண்டால் கிராம அதிகாரிகள் மின்வாரியத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். பியூஸ் போடுவதற்காக டிரான்ஸ்பார்மரில் தாமே ஏறுவது உயிருக்கு ஆபத்தாகையால் ஒருவரும் அதைச் செய்யலாகாது.

கரும்புக்குத் தக்க காலத்தில் நீர் பாய வேண்டுமென்று விரும்பும் விவசாயிகள், கோடை பிறக்கு முன்னரே கொட்டகையைத் திருத்தி, ரிலேயைச் சோதித்து வைப்பார்களாக. ஒரு பகற்பொழுதின் வேலை ஒரு வருஷத்துப் பயிரைக் காக்கும்.