வண்டித்தடம் லாரித்தடம் ஆகாது

தாராபுரத்தில் இடம் பார்க்கப் போனால் தரகர் முதலில் சொல்வது, "ரோட்டு மேலயே இருக்குதுங்க" என்பதுதான். உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம், கரூர், காங்கயம் என்று திசைக்கொரு சாலை பிரியும் ஊர். தார்ரோட்டை ஒட்டி 20 சென்ட் அமைந்தால் குடோன் போடலாம், மண்டபம் கட்டலாம் என்று மனசு கணக்குப் போடும். அன்றைக்கே முன்பணமும் கைமாறிவிடும்.

புல வரைபடத்தை விரித்துப் பார்த்தால்தான் வில்லங்கம் தெரியும். ரோட்டுக்கும் இடத்துக்கும் நடுவே ஒடுக்கமாக ஒரு துண்டு: வாய்க்கால் புறம்போக்கு. அமராவதிப் பாசனம் பாய்ந்த பூமியில் இது அதிசயமல்ல. வாய்க்கால் மண்மூடிப் போயிருக்கலாம். வருவாய்க் கணக்கில் அது இன்னும் வாய்க்கால்தான். அதன்மேல் சிறுபாலம் போட்டு வாசல் வைக்க உரிய துறையின் அனுமதி வேண்டும். நெடுஞ்சாலையோர வடிகாலைக் கடப்பதென்றால் நெடுஞ்சாலைத் துறையும் சம்மதிக்க வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால், ரோட்டு மேல் இருக்கும் இடத்துக்கு ரோடு கிடையாது.

தடப் பாத்தியம் எதுவரை?

உள்ளே தள்ளிய இடமென்றால் வழி பெரும்பாலும் இட்டேரியாக இருக்கும். இருபுறமும் கிழுவை வேலி, நடுவே மாட்டுவண்டி போகும் அகலம். சில இட்டேரிகள் அரசுக் கணக்கில் பாதைப் புறம்போக்கு. சில, பட்டா நிலத்துக்காரர்கள் தமக்குள் விட்டுக்கொண்ட தடம். பழைய கிரயப் பத்திரத்தில் 'மாமூல் வண்டித்தடப் பாத்தியம்' என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள்.

அந்த வரி தோட்டத்துக்குப் போய்வர உதவும். குடோனுக்கு உதவுமா? 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவில் இதற்கு விடை வைத்திருக்கிறது. எழுதிக்கொடுத்தவர்களின் நோக்கம் வேறு என்று காட்டச் சான்று இல்லாதபோது, ஒரு வகை வழியுரிமைக்குள் இன்னொரு வகை அடங்காது. நடைபாதை உரிமையை வைத்து வண்டி ஓட்ட முடியாது. மாட்டுவண்டித் தடத்தில் தினமும் பத்து லாரி விட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் நீதிமன்றம் போகலாம். எனவே வாங்கும் முன்பே தடத்தின் சர்வே எண், அகலம், எந்தெந்த வாகனம் போகலாம் என்பதையெல்லாம் எழுதி, தடம் யார் நிலத்தில் போகிறதோ அவரிடமே கையெழுத்து வாங்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அகலத்துக்கும் கணக்கு உண்டு. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, என்ன கட்டடம், எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்துச் சாலை அகலம் மாறும். 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால், முன்னால் உள்ள சாலை குறைந்தது 12 மீட்டர், அதாவது சுமார் 40 அடி இருக்க வேண்டும்.

பட்டா போதாது

பட்டா இடம் யாருடையது என்று சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்று சொல்லாது. முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று வகைப்படுத்தப்பட்டிருக்கும். விவசாய வகையில் கடைவளாகம் கட்ட முதலில் நில உபயோக மாற்றம் வேண்டும். திட்டம் இல்லாத கிராமப்புறத்துக்கு 2017-ஆம் ஆண்டின் நில உபயோக மாற்ற விதிகள் உண்டு.

"பஞ்சாயத்து அப்ரூவல் வாங்கியாச்சுங்க" என்ற பேச்சை நம்பி வாங்கியவர்கள் பட்ட பாட்டை 2016-இல் பார்த்தோம். அந்த ஆண்டு செப்டம்பர் 9-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிய இடைக்காலத் தடை விதித்தது. பத்திரப் பதிவு முடங்கியது. பின்னர் 2017-இல் வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்குத்தான் கைகொடுத்தது. வரி ரசீதும் மின் இணைப்பும் திட்ட அனுமதி ஆகிவிடாது.

பக்கத்தில் குடியிருப்பவர் என்ன செய்யலாம்?

கட்டுகிறவருக்கு மட்டும் உரிமை என்றில்லை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டத்தை இறுதி செய்யும் முன் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். உங்கள் சர்வே எண்ணின் வகையைப் பார்த்து, எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பலர் விட்டுவிடுவது இந்த வாய்ப்பைத்தான்.

விதிமீறல் என்று சந்தேகம் வந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வரைபடத்தையும் அனுமதி ஆணையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அனுமதியின்றிக் கட்டினால் வேலையை நிறுத்தவும், சீல் வைக்கவும் அதிகாரம் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் இருக்கிறது. பொதுப்பாதையை அடைத்தால் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் வட்டாட்சியரிடம் மனு. தனியார் தடத்தை மறித்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை.

அரசே விலக்கு கொடுத்துவிட்டால்? 1980-களின் இறுதியில் கட்டட விதிகளிலிருந்து விலக்களித்த 62 அரசாணைகளை எதிர்த்துச் சென்னையின் நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்காடியது. 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், விலக்கு தரும், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு செல்லும் என்றது. காரணம் காட்டாமல் தந்த அந்த ஆணைகளை ரத்து செய்தது.

அனுமதி மறுக்கப்பட்டவருக்கும் வழி உண்டு. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை எதிர்த்து அதே சட்டத்தின் 79-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். கெடு தவறக் கூடாது. 'கட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற யோசனை மட்டும் வேண்டாம். 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம், நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கட்டடத்தின்மேல் கடன் தர வேண்டும், அனுமதியற்ற கட்டடத்தில் தொழில் உரிமம் வழங்கக் கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். புல வரைபடத்தை இணையத்தில் எடுத்து, உரிமம் பெற்ற நில அளவையர் ஒருவரோடு தார்ரோட்டிலிருந்து இடம் வரை டேப் பிடித்து நடந்து பாருங்கள். கடந்து போகும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் குறித்துக்கொண்டு, யார் பெயரில் இருக்கிறது என்று தரகரிடம் கேளுங்கள். "அதெல்லாம் மாமூலா போற தடந்தானுங்க" என்று அவர் சொன்னால், அந்த மாமூல் எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.